மலை வீதியில் தேயும் சப்பாத்துகளுக்கு ஹட்டனில் ஒரு கடை

ஹட்டன் பஸ் தரிப்பிடத்திலிருந்து கடைத்தெருவுக்கு ஏறும் படிக்கட்டுச் சந்து ஒன்றில், இருவர் உட்காரவும் ஒருவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள ஒரு சப்பாத்துத் தைக்கும் கடை இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. படிக்கட்டுக் கடை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கடந்த இரண்டரை ஆண்டுகளில் என்னுடைய நான்கு சோடி ஓட்டச் சப்பாத்துகள் அங்கே 9 தடவைகள் போய்த் திரும்பியிருக்கின்றன. அவற்றில் 7 வேலைகள் எனக்கு முழுத் திருப்தி தந்தன, ஒன்று நடுவழியில் கைவிட்டது, ஒன்றை அவர் செய்யவே மறுத்துவிட்டார். நம் பக்கத்தில் வீதி ஓட்டத்தில் ஈடுபடுவோரின் தொகை கூடிவருகிறது. புதிய சப்பாத்து எங்கே வாங்கலாம் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். வாங்கியதை எங்கே சீர்செய்யலாம் என்று கேட்பவர் குறைவு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்று இந்தக் கடையைப் பற்றி நான் அறிந்த அனைத்தையும் எழுதுகிறேன்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிப்பவள். போட்டிகளில் பரிசு பெறும் வேகம் எனக்கு இல்லை. ஆண்டுக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய் அரை மரதன் ஓடுவேன். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஊர்களில் நடக்கும் மரதன் ஓட்டங்களில் சேருவேன். மீதி நாட்களில் விடிவதற்கு முன் கொட்டகலைப் பக்கமோ டிக்கோயாப் பக்கமோ ஓடிவிட்டுப் பாடசாலைக்குப் போவேன். உலகின் பெரிய மரதன் ஓட்டங்களை எத்தனை மணியானாலும் விழித்திருந்து பார்ப்பவள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏனெனில், தொழில்முறை ஓட்டவீரர்களின் காலில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் என் காலில் இருப்பதைப் பற்றி யோசிக்கக் கற்றுக்கொண்டேன்.

மலைநாட்டு வீதியில் சப்பாத்து தேயும் விதம் சமதரையில் தேயும் விதத்திலிருந்து வேறுபட்டது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒரு பாதி ஏற்றம், மறுபாதி இறக்கம். ஏற்றத்தில் முன்பாதம் தார் வீதியை உந்தித் தள்ளுவதால் பெருவிரலுக்குக் கீழேயுள்ள ரப்பர் உரசி மழுங்குகிறது. இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் ஒரு சிறிய பிரேக். உடல் எடை முழுவதும் குதிக்காலின் வெளி ஓரத்தில் விழுந்து, அங்கேயுள்ள ரப்பரை நகம் வெட்டுவதுபோல் வெட்டி எடுக்கிறது. தென்மேல் பருவமழைக் காலத்தில், மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை, வீதியும் காய்வதில்லை, சப்பாத்தும் காய்வதில்லை. சவுக்கு மரநிழல் விழும் வளைவுகளில் தார் மேல் பாசி படர்ந்திருக்கும். குதிக்கால் ரப்பர் தேய்ந்த சப்பாத்தோடு அந்த வளைவில் இறங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை, முழங்கையில் தழும்போடு திரியும் எவரிடமும் கேட்கலாம்.

சப்பாத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு, அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித்தானே ஒலிம்பிக் வென்றார் என்று பாடசாலையில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்விதான். 1960 இல் ரோம் நகரில் அந்த எத்தியோப்பியர் வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் ஓடி முடித்தார். ஆனால் அதே மனிதர் 1964 இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் ஓடி மீண்டும் தங்கம் வென்றார் என்பதையும் அவனுக்குச் சொன்னேன்.

2022 இன் நெருக்கடியில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, ஒரு நடுத்தர ஓட்டச் சப்பாத்தின் விலை என் போன்றவர்களின் கைக்கு எட்டாமல் போனது. நான் இப்போது அணியும் சோடி 32,000 ரூபாய். சமதரையில் 700 கிலோமீற்றர் உழைக்கக்கூடிய இந்தச் சப்பாத்து என் காலில் 500 கிலோமீற்றரில் குதிக்கால் ரப்பரை இழந்து, கீழேயுள்ள வெள்ளைப் பஞ்சைக் காட்டத் தொடங்கிவிடும். மேல்துணி புதிதுபோல் இருக்கும், நடுப்பஞ்சில் உயிர் இருக்கும், ஆனால் ஓரத்தில் இரண்டு விரல் அகல ரப்பர் இல்லாததால் முழுச் சப்பாத்தும் வீணாகும். அப்படியொரு சோடியைத் தூக்கிப் போட மனமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டுதான் அந்தப் படிக்கட்டில் முதன்முதலாக ஏறினேன்.

கடைக்காரருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தகப்பனார் காலத்திலிருந்து அதே சந்தில் இருப்பதாகச் சொன்னார். சப்பாத்தை வாங்கியவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டையும் தட்டையான பலகையில் வைத்து, பின்பக்கமிருந்து கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தார். வலது சப்பாத்து வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. இடதையும் வலதையும் கவிழ்த்து, தேய்ந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

"டீச்சர், நீங்க எப்பவும் வீதிக்கு வலது ஓரமாத்தான் ஓடுவீங்களா?"

வாகனங்கள் எதிரே வருவது தெரியட்டும் என்று வலது ஓரமாகத்தான் ஓடுவேன். வீதியில் ஓடுபவர்களுக்கு அதுதான் பாதுகாப்பான முறை. மழைநீர் கானுக்குள் வடிவதற்காக வீதியின் ஓரம் சரித்தே போடப்பட்டிருப்பதால், என் வலது கால் எப்போதும் சற்றுத் தாழ்ந்த, வெளியே சரிந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாக வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலித்ததற்கு நான் எத்தனையோ காரணங்களைத் தேடினேன். வாகனம் வராத தோட்டப் பாதைக்கு வந்ததும் நடு வீதியில் ஓடுங்கள் என்று அவர் சொன்னார். அப்படியே செய்கிறேன், வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. அவர் வைத்தியர் அல்லர், முழங்கால் வலிக்கு அவரிடம் போங்கள் என்று நான் சொல்லவும் மாட்டேன். தேய்மானத்தைப் பார்த்து ஓடும் விதத்தைச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் சப்பாத்தைக் கொடுக்கிறோம் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது.

வேலை நடக்கும் விதத்தைப் பல தடவை பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் தேய்ந்த பகுதியின் எல்லையை நீலப் பேனாவால் கோடிட்டுக்கொள்கிறார். அந்த எல்லைக்குள் மிஞ்சியிருக்கும் பழைய ரப்பரைக் கூரிய கத்தியால் தோல் உரிப்பதுபோல் உரித்தெடுக்கிறார். கத்தி பஞ்சுக்குள் இறங்காது. பிறகு உப்புத்தாளால் பஞ்சின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, தூசியை ஈரமில்லாத துணியால் துடைக்கிறார். புதிய ரப்பர்த் தகடு 3 மில்லிமீற்றர் தடிப்பம். அதைத் தேய்ந்த பகுதியின் வடிவத்துக்கு வெட்டி, பஞ்சோடு சேரும் ஓரத்தைச் சாய்வாகச் சீவுகிறார். இந்தச் சீவல்தான் அவருடைய வேலையின் உயிர். சாதாரணமாக ஒட்டுபவர்கள் தகட்டை அப்படியே ஒட்டிவிடுவதால் காலின் கீழ் ஒரு படி உண்டாகும், பத்தாவது கிலோமீற்றரில் அந்தப் படி பாதத்துக்குத் தெரியும். இவர் ஒட்டிய இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எங்கே பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கடினம்.

பசை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசப்படுகிறது. உடனே ஒட்டுவதில்லை. தொட்டால் விரலில் ஒட்டாமல் இழுபடும் பதம் வரும்வரை, ஏறத்தாழ 15 நிமிடம் காத்திருக்கிறார். தோல் செருப்புக்குப் பூசும் மஞ்சள் பசையை ஓட்டச் சப்பாத்துக்கு அவர் பாவிப்பதில்லை; அதிலுள்ள கரைப்பான் மென்மையான பஞ்சை அரித்துவிடும் என்று ஒரு பழைய துண்டில் பூசியே காட்டினார். ஓட்டச் சப்பாத்துக்கென்று வேறொரு பசையை வைத்திருக்கிறார்; அதை முடி உலர்த்தும் கருவியால் இதமாகச் சூடாக்கி, தகட்டை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்தி, கால் வடிவ இரும்பில் மாட்டிச் சிறு சுத்தியலால் தட்டுகிறார். சூடு அதிகமானால் பஞ்சு சுருங்கிவிடும் என்பதால் கருவியைத் தன் புறங்கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்துக்குக் கொண்டுபோகிறார். நனைந்த சப்பாத்தை அடுப்பங்கரையில் வைத்துக் காயவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதனால் எத்தனை சோடிகளின் பஞ்சைக் கொன்றிருக்கிறோம் என்று எனக்கு அன்று புரிந்தது. உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றி, நிழலில் வைப்பதே போதும்.

இரண்டு சப்பாத்துக்கும் குதிக்கால் ரப்பர் போட 1,400 ரூபாய் வாங்குகிறார். என் கணக்கு இது: 32,000 ரூபாய்ச் சப்பாத்து 500 கிலோமீற்றரோடு முடிந்தால் ஒரு கிலோமீற்றருக்கு 64 ரூபாய் ஆகிறது. இரண்டு தடவை ரப்பர் போட்டு, மொத்தம் 34,800 ரூபாய்ச் செலவில், அதே சோடியை 850 கிலோமீற்றர் வரை ஓட்டினேன். கிலோமீற்றருக்கு 41 ரூபாய்தான். எடை எவ்வளவு கூடுகிறது என்று அறிய, கீழேயுள்ள பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். வேலைக்கு முன் 248 கிராம் இருந்த சப்பாத்து வேலைக்குப் பின் 271 கிராம் ஆனது. ஒவ்வொரு சப்பாத்திலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்குத் தேவையான சக்தி ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் இந்த 23 கிராமின் சுமை கால் சதவீதத்துக்கும் குறைவு. பாசி வளைவில் கால் வழுக்காமல் நிற்பதற்கு அந்த விலையைக் கொடுக்க நான் தயார்.

ரப்பரில் இரண்டு வகை வைத்திருக்கிறார். கடினமான கறுப்புத் தகடு நெடுநாள் உழைக்கும், ஆனால் மழையில் கொஞ்சம் நழுவும். மென்மையான சாம்பல் நிறத் தகடு ஈரத் தாரை நன்றாகப் பற்றும், ஆனால் என் ஓட்டத்தில் 200 கிலோமீற்றருக்குள் தேய்ந்துவிட்டது. எது வேண்டுமென்று அவராகக் கேட்க மாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும். மே மாதம் மென்மையானதும் ஜனவரியில் கடினமானதும் போட்டுக்கொள்கிறேன்.

2024 ஓகஸ்ட் 10, சனிக்கிழமை. பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் மரதன் நம் நேரப்படி பகல் 11.30 மணிக்குத் தொடங்கியது. சப்பாத்தில் பசை காய்வதற்காகக் கடையில் காத்திருந்த நான், கைபேசியை நூல்கண்டுப் பெட்டி மேல் சாய்த்துவைத்தேன், இருவருமாகப் பார்த்தோம். பாரிஸின் பாதையை நம் மலைநாட்டுக்காரர் எவரும் மறக்க முடியாது. பெரிய மரதன்கள் பெரும்பாலும் தட்டையான நகர வீதிகளில் நடப்பவை. அன்றைய பாதையில் மொத்த ஏற்றம் மட்டும் 436 மீற்றர், சில இடங்களில் சரிவு 13 சதவீதத்தைத் தாண்டியது. 28 ஆவது கிலோமீற்றரை ஒட்டிய செங்குத்தான ஏற்றத்தின் பக்கம் எத்தியோப்பியாவின் டமிரட் டோலா கூட்டத்தை விட்டு விலகிப் போனார். மூன்றாவது ஒலிம்பிக் மரதன் தங்கத்துக்காக வந்திருந்த கென்யாவின் எலியுட் கிப்சோகே 30 கிலோமீற்றருக்குப் பின் நடந்து, ஓட்டத்தைக் கைவிட்டதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கடைக்காரர் கிப்சோகேயை அறியாதவர். அவர் டோலா இறக்கத்தில் ஓடும்போது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க டீச்சர், இந்தாளு இறக்கத்துல காலை முன்னால நீட்டவே இல்ல. உடம்புக்குக் கீழதான் வைக்கிறாரு. இவரு சப்பாத்து குதிக்கால்ல தேயாது."

டோலா 2 மணி 6 நிமிடம் 26 செக்கனில், ஒலிம்பிக் சாதனையோடு ஓடி முடித்தார். இறக்கத்தில் காலை எட்டி வைக்காமல் குறுகிய அடிகளாக ஓடுவதை அந்த நாளிலிருந்துதான் நான் பழகத் தொடங்கினேன். அதற்குப் பிறகு போட்ட ரப்பர் முன்னதைவிட 60 கிலோமீற்றர் கூடுதலாக உழைத்தது.

அன்று அவருக்கு இன்னொன்றும் சொன்னேன். 2023 இல் பெர்லினில் எத்தியோப்பியாவின் திகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 செக்கனில் ஓடி, பெண்களுக்கான உலக சாதனையை இரண்டு நிமிடத்துக்கும் மேல் குறைத்தார். அவர் அணிந்திருந்த சப்பாத்தின் எடை 138 கிராம், விலை 500 அமெரிக்க டொலர். ஒரு மரதன் ஓட்டத்துக்கும், அதற்கு முன் காலுக்குப் பழக்கிக்கொள்ளும் சிறிது நேரத்துக்கும் என்றே அது செய்யப்பட்டது. கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு நாளைக்கா என்று கேட்டார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதன் பஞ்சு எப்படி இருக்கும், அடியில் ரப்பர் உண்டா, எத்தனை மில்லிமீற்றர் என்றெல்லாம் கேட்டறிந்தார். அந்தச் சப்பாத்தை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நம் வீதிகளில் ஓடுபவர்களுக்கு அந்தச் சப்பாத்து வழிகாட்டி ஆகாது. ஆண்டு முழுவதும் மழையிலும் வெயிலிலும் உழைத்து, தேய்ந்தால் மறுபடி ரப்பர் போட இடம் கொடுக்கும் தட்டையான அடிப்பாகமுள்ள சப்பாத்தே நமக்குத் தேவை. புதிய சோடி வாங்கும்போது இப்போதெல்லாம் நான் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது இதைத்தான். சின்னச் சின்னக் குமிழ்களாக ரப்பர் தெளிக்கப்பட்ட சோல்களில் அவரால் நன்றாக ஒட்ட முடிவதில்லை.

புதிய ரப்பர் சோலின் தடிப்பத்தைக் கூட்டுமே, போட்டியில் பிழையாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உலகத் தடகள அமைப்பு 2020 இல் வீதி ஓட்டச் சப்பாத்தின் சோல் 40 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2021 இல் வியன்னா மரதனில் முதலாவதாக வந்த டெராரா ஹுரிசாவின் சோல் அந்த அளவைவிட ஒரு சென்ரிமீற்றர் தடிப்பமாக இருந்ததால், அவருடைய வெற்றி பறிக்கப்பட்டது. நம்மைப் போன்றவர்களின் சப்பாத்தை எவரும் அளக்கப்போவதில்லை. தவிரவும், இவர் போடுவது தேய்ந்துபோன தடிப்பத்தை ஈடுசெய்யும் அளவே.

ரப்பரைப் போலவே எனக்குப் பயன்பட்டது விரல் நகத்துக்கு அவர் கண்ட வழி. நீண்ட இறக்கங்களில் பாதம் சப்பாத்துக்குள் முன்னோக்கி வழுக்கி, பெருவிரல் முனையில் இடிக்கும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கி ஓடிய ஒரு நாளுக்குப் பிறகு, என் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து விழுந்தன. அவர் என் சப்பாத்தின் மேல் துளைகளைப் பார்த்தார். கடைசித் துளைக்குப் பின்னால் இன்னொரு துளையிட்டு, உலோக வளையம் பதித்து, லேஸை அந்த இரண்டு துளைகளுக்கிடையே கண்ணியாக விட்டு எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்துக் கட்டக் காட்டினார். குதிக்கால் இறுகப் பிடித்துக்கொண்டது. பாதம் முன்னால் போகவில்லை. இதற்கு 300 ரூபாய்தான்.

அத்தோடு அவர் வேறொரு யோசனையும் சொன்னார். வேகப்பந்து வீச்சாளர்கள் பலர், பந்தை விடும்போது முன்கால் விழும் அதிர்ச்சியில் பெருவிரல் இடிபடாமல் இருக்க, அந்தக் காலின் சப்பாத்து முனையில் ஓட்டை வெட்டிக்கொள்வார்கள். தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் கவனித்திருக்கலாம். தோட்டக் கழகங்களில் விளையாடும் பையன்களுக்கு அவர் அப்படிப் பல சோடிகளை வெட்டி, ஓரம் கிழியாமல் சுற்றித் தைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கும் வெட்டட்டுமா என்று கேட்டார். மழைக்காலத்தில் அட்டை ஏறும் ஊரில் ஓட்டை போட்ட சப்பாத்து சரிவராது என்று மறுத்துவிட்டேன். கோடையில் ஒரு பழைய சோடியில் செய்து பார்க்கும் எண்ணம் இருக்கிறது.

உள்சோலைப் பற்றியும் ஒரு சொல். 2015 இல் பெர்லின் மரதனில் கிப்சோகேயின் இரண்டு சப்பாத்துகளிலிருந்தும் உள்சோல் நழுவி வெளியே வந்து, காதுமடல்போல் ஆடிக்கொண்டிருந்தது. கால் கொப்புளித்து இரத்தம் வர, அவர் 2 மணி 4 நிமிடத்தில் ஓடி வென்றார். அந்தப் படத்தைக் காட்டியபோது கடைக்காரர் துடித்துப்போனார். நான்கு பொட்டுப் பசை போதுமே என்றார். அன்றிலிருந்து என் எல்லாச் சோடிகளின் உள்சோலையும் குதிக்கால் பக்கம் நான்கு பொட்டுப் பசையால் நிறுத்திக் கொடுக்கிறார். அதற்குப் பணம் வாங்குவதில்லை. நனைந்தபின் உள்சோலைக் கழற்றிக் காயவைக்க முடியாமல் போவது இதிலுள்ள குறை. ஆகவே போட்டிக்கு அணியும் சோடிக்கு மட்டும் செய்துகொள்வது நல்லது.

அவர் மறுத்த வேலை எது என்று சொல்கிறேன். பஞ்சுக்குள் காபன் தகடு வைத்த, போட்டிக்கென்று செய்யப்படும் ஒரு சோடியை, ஒருவர் பாவித்தபின் விற்றதை, ஆசைப்பட்டு வாங்கியிருந்தேன். குதிக்கால் ரப்பர் தேய்ந்திருந்தது. அவர் பஞ்சைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டு விட்டார். பள்ளம் மெதுவாகத்தான் நிரம்பியது. பக்கவாட்டில் குறுக்கே ஓடும் சுருக்கங்களைக் காட்டினார்.

"இது உள்ளுக்குள்ள செத்துப்போச்சு டீச்சர். மேல ரப்பர் ஒட்டிக் காசு வாங்கலாம், ஆனா உங்க கால்தான் அடி வாங்கும். வீட்டுக்குப் போட்டு நடங்க."

வாங்குவதற்கு முன் அவரிடம் காட்டியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். வந்த வேலையைத் திருப்பியனுப்பும் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். பஞ்சுக்கு உயிர் கொடுக்க எவராலும் முடியாது. ரப்பருக்குக் கீழே பஞ்சு நல்ல நிலையில் இருக்கும்போதே, அதாவது வெள்ளை தெரியத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, கொண்டுபோக வேண்டும். பஞ்சும் சேர்ந்து தேய்ந்தபின் போனால், பள்ளத்தை நிரப்ப இரண்டு அடுக்கு ரப்பர் போட வேண்டிவரும். சப்பாத்து பாரமாகிவிடும், கால் விழும் கோணமும் மாறிவிடும்.

இனிக் கைவிட்ட வேலை. கடந்த ஆண்டு ஜூலையில், கொழும்புப் பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவசரமாகக் கொடுத்து அவசரமாகவே வாங்கினேன். நான்கு நாட்களாக விடாத மழை. கடைக்குள் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. காலையில் ஒட்டி மாலையில் தந்துவிட்டார். போட்டியில் 9 ஆவது கிலோமீற்றரில் இடது குதிக்காலில் ஒரு தட்டல் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால் ரப்பரின் பின்முனை எழும்பி, ஒவ்வோர் அடிக்கும் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. பிய்த்தெறிந்துவிட்டு மீதித் தூரத்தை ஒரு பக்கம் தாழ்ந்த சப்பாத்தோடு ஓடினேன். எதிர்பார்த்ததைவிட 11 நிமிடம் தாமதம். அடுத்த வாரம் முழுவதும் கெண்டைக்கால் வலித்தது. எத்தனை மாதப் பயிற்சி அது! மனம் கசந்துதான் திரும்பி வந்தேன்.

காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது பசை சரியாகப் பிடிப்பதில்லை. பிடித்தாலும் முழுப் பலம் பெற ஒரு முழு நாளாவது வேண்டும். இது அவருக்குத் தெரியாததல்ல. முடியாது என்று அன்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அதை அவரிடம் நேராகவே சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு சப்பாத்துக்கும் புதிதாகப் போட்டுக் கொடுத்துப் பணம் வாங்க மறுத்தார், மழை நாட்களில் ஒட்டிய சப்பாத்தை இரண்டு இரவுகள் கட்டி வைத்த பின்புதான் இப்போது எவருக்கும் கொடுக்கிறார். ஆனாலும் ஒரு தடவை பட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: போட்டிக்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன் வேலையை முடித்துக்கொண்டு, இரண்டு நீண்ட ஓட்டங்கள் ஓடிப் பார்த்த பின்பே அந்தச் சோடியை நம்புங்கள்.

வேறு குறைகளும் உண்டு. காற்றோட்டம் போதாத கடையில் பசையின் வாடை தலையைச் சுற்றவைக்கும். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் உள்ளே காத்திருக்க வேண்டாம். பற்றுச்சீட்டு தருவதில்லை. தேயிலைப் பெட்டி அட்டையில் கிழித்த துண்டொன்றில் பெயரை எழுதி லேஸில் கட்டிவைப்பார். இதுவரை எதுவும் மாறிப்போகவில்லை. காசாகத்தான் கொடுக்க வேண்டும். மேல்துணி கிழிந்தால் உட்பக்கமிருந்து ஒட்டுப் போடுவார், வேலை உறுதியாக இருக்கும், ஆனால் நூலின் நிறம் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காலை 8.30 அளவில் திறந்து மாலை 6 மணிக்குப் பூட்டுவார். போயா நாட்களில் கடை இல்லை. சம்பளம் போடும் 10 ஆம் திகதியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாடசாலைத் தவணை தொடங்கும் வாரத்திலும் போகாதீர்கள். பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்துகள் கூரை வரை அடுக்கியிருக்கும், அவற்றை முதலில் முடிப்பதே நியாயம் என்று அவர் நினைக்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். செவ்வாய், புதன் காலைகளில் அவருக்குப் பேச நேரம் இருக்கும். சப்பாத்தைச் சேறு போகக் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, லேஸைத் தளர்த்திக் கொண்டுபோங்கள். எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எந்த வீதியில் ஓடுகிறீர்கள், அடுத்த போட்டி எப்போது என்ற மூன்றையும் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள். எந்த ரப்பர், எவ்வளவு தடிப்பம் என்பதை அதற்கேற்ப அவர் முடிவு செய்வார்.